கடலோரத்தில் ஒரு ரேடியோ வீடு

அமெரிக்காவுக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் போதும், "நயாகரா பார்த்தீங்களா? டிஸ்னிலேண்ட் போனீங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டும் பார்க்கவில்லை. மகளின் பிரசவத்துக்கென்று போனவளுக்கு அடுப்படியும் தொட்டில் மூலையும் துணி துவைக்கும் மிஷினும்தானே அமெரிக்கா! அந்த ஆறு மாதத்தில் முழுதாக ஒரு நாள் வெளியே போனது ஒரே ஒரு தடவைதான். அதுவும் எங்கே தெரியுமா? ஒரு பழைய ரேடியோ நிலையத்துக்கு.

"இதுக்காகவா அத்தனை தூரம்!" என்று என் ஓரகத்தி சிரித்தாள். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் அந்த ஒரு நாள் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதை, பிள்ளை பெற்ற பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் எந்த அம்மாவும் தெரிந்துகொள்வது நல்லது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மகள் இருப்பது ஸான்பிரான்ஸிஸ்கோவுக்குத் தென்கிழக்கே, ஃப்ரீமாண்ட் என்ற ஊரில். சுகப் பிரசவம். பெண் குழந்தை. நான் ஊரிலிருந்து சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியம் எல்லாம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம் என்று வேளா வேளைக்குச் செய்து போட்டேன். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. மகள் மட்டும் சரியாக இல்லை.

ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். "என்னடி?" என்றால், "ஒண்ணுமில்லம்மா." எனக்குப் பொறுக்குமா? "அழுதா பால் வத்திப் போகும்" என்பேன். "குழந்தையை இப்படிப் பிடி, அப்படிப் பிடி, தலைக்குத் துணி கட்டு, ஃபேனை நிறுத்து" என்பேன். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பத்து வார்த்தை பேசியிருப்பேன். போதாததற்கு, ஊரில் இருக்கும் என் அக்காவிடம் போனில், "இவ ராத்திரியெல்லாம் உக்காந்து அழறா, எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லி வைத்தேன். அது மறுநாளே நாலு வீட்டுக்குப் போய், அத்தைமார் சித்திமார் எல்லோரும் மகளுக்கே போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்!

அன்றைக்கு அவள் என்னிடம் ஒன்றும் சண்டை போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

இப்படியே வாரங்கள் ஓடின. ஒரு நாள் சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம் என் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்ன ஊர்த் தபால் ஆபீஸில் தந்தி அடிப்பவர். நாங்கள் குடியிருந்தது ஆபீஸுக்குப் பின்கட்டு. அந்தக் 'கட்டு, கட, கட்டு' சத்தம்தான் எனக்குத் தாலாட்டு. அதைக் கேட்ட மாப்பிள்ளை, "அத்தை, உங்கப்பா அடிச்ச மாதிரியே இன்னமும் மோர்ஸ் தந்தி அடிக்கிற இடம் ஒண்ணு இங்க இருக்கு. கடலோரத்துல, பழைய கட்டடம். சனிக்கிழமை போயிட்டு வரலாமா?" என்றார்.

நான் மகளைப் பார்த்தேன். "போலாமே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நிலாவுக்குக் கூடப் போயிருப்பேன்!

மூடுபனி வழியே

எலுமிச்சம்பழச் சாதம், தயிர் சாதம், வடகம், பிளாஸ்க் நிறையக் காப்பி, குழந்தையின் மூட்டை முடிச்சு, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்பினோம். வளைகுடாவின் மேல் நீளமான ஒரு பாலம். அதைத் தாண்டி ஸான் ரஃபேல். பிறகு ஸர் ஃபிரான்ஸிஸ் டிரேக் சாலையில் மேற்கே போனால், வானத்தைத் தொடும் ரெட்வுட் மரங்கள் இரண்டு பக்கமும் சூழ்ந்துகொள்கின்றன. பகலிலேயே அந்தி மாதிரி இருட்டு!

காட்டைத் தாண்டினால் ஒலீமா என்று ஒரு சின்ன ஊர். 1906-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவைத் தரைமட்டமாக்கிய பூகம்பம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நிலப்பிளவு இந்த ஊர்ப் பக்கமாகத்தான் ஓடுகிறது. பூகம்பத்தின்போது இங்கே ஒரு வேலி இரண்டாகப் பிரிந்து சுமார் 16 அடி தள்ளிப் போய்விட்டதாம். அதே மாதிரி வேலி போட்டு இப்போதும் காட்டுகிறார்கள்.

பிறகு சாலை டோமாலிஸ் வளைகுடாவை ஒட்டியே போகிறது. ஒடுக்கமாக, நீளமாக, ஆறு மாதிரி அமைதியான தண்ணீர். எதிர்க்கரையில் மார்ஷல் என்ற ஊரைக் காட்டி, "அத்தை, கதை அங்கதான் ஆரம்பிக்குது" என்றார் மாப்பிள்ளை. ரேடியோவுக்கு வித்திட்ட மார்க்கோனியின் அமெரிக்கக் கம்பெனி, பசிபிக் சமுத்திரத்தின் குறுக்கே ஹவாய் தீவுகளுக்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்புவதற்காக 1913-14-ல் இந்தப் பக்கத்தில் இரண்டு நிலையங்கள் கட்டியது. செய்தி அனுப்பும் நிலையம் தெற்கே பொலினாஸ் என்ற ஊரில், கடலைப் பார்த்த மேட்டில். வரும் செய்தியை வாங்கும் நிலையம் இந்த மார்ஷல் கரையில்.

"ஒரே இடத்தில கட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை பதில் சொல்லுமுன் மகள் சொன்னாள். "பக்கத்திலயே நின்னு கத்திக்கிட்டிருந்தா, தூரத்திலேர்ந்து வர்ற சின்னக் குரல் எப்படிம்மா காதுல விழும்?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் ரேடியோவைப் பற்றித்தான் சொன்னாள். இருந்தாலும்!

மரங்களின் மண்டபம்

வளைகுடாவை விட்டு மலை ஏறி இறங்கினால் பாயிண்ட் ரெய்ஸ் தீபகற்பம். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த புல்வெளி. மரம் செடி அதிகம் கிடையாது. காற்று ஆளைத் தள்ளுகிறது. மூடுபனி சாலை வரை வந்து நிற்கிறது. 1962-லிருந்து இது தேசியக் கடற்கரைப் பூங்கா. மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கிறது.

அந்த வெட்டவெளியில் திடீரென்று வலது பக்கம் ஒரு மரச் சாலை! இரண்டு வரிசையாக ஸைப்ரஸ் மரங்கள். மேலே கிளைகள் கைகோத்துக் கூரை போட்டிருக்கின்றன. நம் பெரிய கோயில் பிராகாரத்தில் தூண் வரிசைக்கு நடுவே நின்று பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. 1930 வாக்கில் நட்ட மரங்களாம். படம் எடுக்க வருகிற கூட்டத்துக்குக் குறைவில்லை. கல்யாண உடுப்போடு ஒரு ஜோடிகூட நின்றுகொண்டிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், வந்தவர்களில் பாதிப் பேர் மரங்களோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறார்கள்! அந்தச் சாலை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. முடிவில் வெள்ளையாக, கம்பீரமாக, ஒரு கான்கிரீட் கட்டடம். அந்தக் காலத்து 'ஆர்ட் டெகோ' பாணி. நம் ஊர்ப் பழைய சினிமா தியேட்டர்களிலும் பம்பாய் கடற்கரை வீடுகளிலும் பார்த்திருப்போமே, நேர்கோடும் படிப்படியான அலங்காரமுமாக, அந்த ஜாதி. அதுதான் கே.பி.எச். என்ற அழைப்புப் பெயர் கொண்ட கப்பல் ரேடியோ நிலையம்.

வாசலில் கால் வைத்ததுமே உள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. எங்கள் வீட்டுக் 'கட்டு கட' இல்லை. 'டிட் டா டிட்' என்று புல்லாங்குழல் மாதிரி. ஆனால் அதே தாளம். இடுப்பில் குழந்தையோடு அப்படியே நின்றுவிட்டேன். அப்பா போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் வந்து அவருடைய பாஷையைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

கப்பல்களின் தபால் ஆபீஸ்

ரேடியோ நிலையம் என்றதும் பாட்டும் நாடகமும் நினைவுக்கு வரும். இது அப்படியில்லை. இது கப்பல்களின் தபால் ஆபீஸ். நடுக்கடலில் இருக்கும் கப்பலுக்குக் கரையோடு இருந்த ஒரே தொடர்பு, இப்படிப்பட்ட கரை நிலையங்கள்தான். "எந்தத் துறைமுகத்துக்குப் போக வேண்டும்", "புயல் வருகிறதா", "என் மனைவிக்குக் குழந்தை பிறந்ததா", இத்தனையும் புள்ளியும் கோடுமாக இங்கே வந்து சேரும். டாக்டர் இல்லாத கப்பலில் யாருக்காவது உடம்புக்கு வந்துவிட்டால், வைத்திய ஆலோசனை கேட்டும் தந்தி வரும். அதற்குக் கட்டணமே கிடையாதாம்!

கே.பி.எச். என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸான்பிரான்ஸிஸ்கோவில் இருந்த பாலஸ் ஹோட்டலில்தான் இந்த நிலையம் ஆரம்பித்தது. பாலஸின் 'பி', ஹோட்டலின் 'எச்'. 'கே' பின்னால் வந்து முன்னால் சேர்ந்துகொண்டது. 1906 பூகம்பத்தை அடுத்து வந்த தீயில் அந்த ஹோட்டல் எரிந்துபோனது. பெயர் மட்டும் எரியவில்லை! இடம் மாறி, முதலாளி மாறி, 1919-ல் உருவான ஆர்.சி.ஏ. கம்பெனியின் கைக்கு வந்தது. நாங்கள் நின்ற கட்டடத்தை ஆர்.சி.ஏ. 1930-ஐ ஒட்டிக் கட்டியது. முதலில் சமுத்திரம் தாண்டி வரும் தந்திகளை வாங்குவதற்காக. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கப்பல்களோடு பேசும் கே.பி.எச்.சும் இங்கே குடிவந்தது. இங்கே உட்கார்ந்து கேட்பார்கள். பதில் அனுப்ப இங்கிருந்து தட்டினால், கம்பி வழியே போய் பொலினாஸில் இருக்கும் பெரிய கருவிகள் வானத்தில் அனுப்பும்.

எங்களுக்குச் சுற்றிக்காட்டியவர் தலை நரைத்த பெரியவர். அவரே முன்னாள் ரேடியோ ஆபரேட்டர். வரிசையாக மேஜைகள், பெரிய பெரிய வால்வு ரேடியோக்கள், பெரிய எழுத்து மட்டுமே உள்ள டைப்ரைட்டர்கள். காதில் விழுவதைக் காகிதத்தில் எழுதாமல் நேரே டைப் அடிப்பார்களாம். "யார் அனுப்புகிறார் என்று பெயர் கேட்க வேண்டாம். தட்டுகிற தாளத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம்" என்றார்.

மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்: "கைமணம் மாதிரிம்மா. ரசத்தை வாயில வெச்சதும் நீ பண்ணதா அத்தை பண்ணதான்னு தெரிஞ்சிடுமே!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

சிவப்புக் கட்டம் போட்ட கடிகாரம்

சுவரில் ஒரு கடிகாரம். பார்த்தால் சாதாரணக் கடிகாரம்தான். ஆனால் அதன் முகத்தில் இரண்டு இடத்தில் சிவப்பாக, கேக்கை வெட்டிய துண்டு மாதிரி கட்டம் போட்டிருந்தது. 15-வது நிமிடத்திலிருந்து 18 வரை ஒன்று, 45-லிருந்து 48 வரை ஒன்று. பேச்சு ரேடியோவுக்கென்று பச்சையில் வேறு இரண்டு கட்டங்கள்.

"இது என்ன?" என்று கேட்டோம்.

பெரியவர் சொன்ன கதையை என்னால் மறக்க முடியாது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதியதல்லவா? அதன் ரேடியோக்காரர்கள் உதவி கேட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்திலேயே கலிஃபோர்னியன் என்று ஒரு கப்பல் நின்றது. அதில் இருந்தது ஒரே ஒரு ரேடியோக்காரர். நாளெல்லாம் வேலை பார்த்த களைப்பில் கருவியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போயிருந்தார். தொலைவில் இருந்த கார்ப்பேதியா கப்பலின் காதில் விழுந்ததால்தான் எழுநூறு பேராவது பிழைத்தார்கள். 1,500 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

அதற்குப் பிறகு உலக நாடுகள் கூடி விதிகள் செய்தன. 24 மணி நேரமும் யாராவது காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். அந்த விதிகளின் வரிசையில் வந்ததுதான் இந்தச் சிவப்புக் கட்டம். ஆபத்துக் குரலுக்கென்று 500 கிலோஹெர்ட்ஸ் என்று ஓர் அலைவரிசை. ஒவ்வொரு மணியிலும் இரண்டு தடவை, மும்மூன்று நிமிடம், அந்த அலைவரிசையில் எந்தக் கப்பலும் எந்தக் கரையும் வாயைத் திறக்கக் கூடாது. எவ்வளவு அவசரமான வியாபாரத் தந்தியானாலும் நிறுத்திவிட வேண்டும். எல்லோரும் மௌனமானால்தான், எங்கோ மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கப்பலின் ஈனக் குரல் கேட்கும்.

"அந்த மூணு நிமிஷமும் நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று மகள் கேட்டாள்.

"ஒன்றும் பண்ண மாட்டோம். கேட்போம்" என்றார் அவர்.

அந்த அறையில் எத்தனை வருஷம், எத்தனை ராத்திரி, எத்தனை பேர் இப்படிக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார்கள்! பெற்றவள் தூக்கத்திலும் ஒரு காதைத் தொட்டில் பக்கம் வைத்திருப்பாளே, அது மாதிரி ஒரு வீடு அது. கடலுக்குக் காது கொடுத்த வீடு.

மூடினார்கள், திறந்தார்கள்

பிறகு செயற்கைக்கோள் வந்தது. கப்பலிலிருந்து பட்டனை அழுத்தினால் போதும் என்றானது. 1997-ல் கே.பி.எச். மூடப்பட்டது. 1999 பிப்ரவரியில் உலகக் கப்பல்கள் எல்லாம் புதிய முறைக்கு மாறின. அந்த வருஷம் ஜூலை 12-ம் தேதி, ஸான்பிரான்ஸிஸ்கோவுக்குத் தெற்கே ஹாஃப் மூன் பே பக்கத்து நிலையத்திலிருந்து அமெரிக்காவின் கடைசி வியாபார மோர்ஸ் செய்தி போனது. 1844 மே 24-ம் தேதி சாமுவேல் மோர்ஸ் அனுப்பிய முதல் வாசகத்தையே கடைசி வாசகமாகவும் அனுப்பி முடித்தார்களாம். வேலை பார்த்த பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நம் ஊரிலும் தந்தி சேவையை நிறுத்தியது ஒரு ஜூலை மாதம்தான், 2013-ல். அன்றைக்குப் பேப்பரில் படித்துவிட்டு அப்பாவின் படத்துக்கு முன்னால் சற்று நேரம் நின்றது ஞாபகம் வந்தது.

இங்கே கதை அதோடு முடியவில்லை. பூட்டிக் கிடந்த கட்டடத்தையும் கருவிகளையும் பார்த்துப் பொறுக்காத சிலர் 1999-லேயே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். கடல்வழி ரேடியோ வரலாற்றுச் சங்கம் என்று பெயர். பூங்கா நிர்வாகத்திடம் போய், "எங்களுக்குச் சம்பளம் வேண்டாம். உள்ளே விடுங்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்கிற மாதிரி கேட்டு அனுமதி வாங்கினார்கள். கடலோரம் என்றால் சும்மாவா? உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். ஈரத்தில் கம்பி இற்றுப்போகும். துடைத்து, எண்ணெய் போட்டு, வால்வு மாற்றி, ஏரியல் கம்பங்களைச் செப்பனிட்டு, முறையாக உரிமமும் வாங்கி, சரியாக ஒரு வருடம் கழித்து, 2000 ஜூலை 12-ம் தேதி கே.பி.எச்.சை மறுபடி பேச வைத்தார்கள்! அன்றுமுதல் ஒவ்வொரு ஜூலை 12-ம் தேதியும் மாலை 5 மணி 1 நிமிடத்துக்கு விசேஷ ஒலிபரப்பு. மற்ற நாட்களில் சனிக்கிழமை தோறும் வந்து கருவிகளை ஓட்டுகிறார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ரேடியோப் பிரியர்கள் கேட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறார்கள்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு மியூசியம் ஆக்கியிருக்கலாமே, எதுக்கு இவ்வளவு சிரமம்?" என்று நான் மகள் மூலமாகக் கேட்டேன்.

அந்தப் பெரியவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: நிறுத்தி வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும், வேலை செய்தால்தான் உயிரோடு இருக்கும்.

நமக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? அடுப்பெரியாத வீட்டில் கறையான் புகும் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தானே! வெள்ளையடித்துப் பூட்டி வைத்த வீடு நிற்காது. விளக்கேற்றி, வாசல் தெளிக்க ஆள் இருந்தால்தான் நிற்கும். அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது சுண்ணாம்பும் சிமெண்டும் மட்டும் இல்லை. வாரம் தவறாமல் வந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரும் அந்த ஆட்கள்தான்.

மரத்தடியில்

மத்தியானம் மரச் சாலை ஓரமாகக் காரை நிறுத்திச் சாப்பிட்டோம். மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு உலாவப் போனார். நானும் மகளும் மட்டும்.

"தாத்தாவும் இப்படித்தான் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பாராம்மா?" என்றாள்.

"ஆமாம்" என்றேன். "ஊர்ல யார் செத்தாங்க, யாருக்கு வேலை கிடைச்சது, எவன் கடன் கேட்டு அடிச்சான், எல்லாம் அவருக்குத்தான் முதல்ல தெரியும். ஆனா வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை வெளிய வராது. உங்க பாட்டி துளைச்சுத் துளைச்சுக் கேப்பா. 'தந்தி ரகசியம், சட்டம்'னு சிரிச்சிட்டுப் போயிடுவார்."

சொல்லி முடித்தபோதுதான் எனக்கே உறைத்தது. அவருடைய பெண் நான். என் மகள் ராத்திரி அழுததை எட்டாயிரம் மைலுக்குத் தந்தி அடித்தவள்!

"அக்காகிட்ட நான் சொல்லியிருக்கக் கூடாதுடி" என்றேன். அதற்கு மேல் காரணம், சமாதானம் எல்லாம் நாக்கின் நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டேன். அந்தச் சிவப்புக் கட்டம் கண் முன்னால் நின்றது. பேசாமல் இருந்தேன்.

மூன்று நிமிடம் பேசாமல் இருப்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது! காற்று அடிக்கிறது, மரம் சலசலக்கிறது. பிறகு அவள் பேசினாள். குழந்தை மேல் பாசமே வரவில்லையோ என்று பயமாக இருப்பதாக, தான் நல்ல அம்மா இல்லையோ என்று தோன்றுவதாக, ராத்திரி ஆனாலே நெஞ்சு படபடப்பதாக, எல்லாவற்றையும் சொன்னாள். நான் "அசடே" என்று சொல்லவில்லை. "நாங்கல்லாம் நாலு பெத்தோம்" என்று சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டேன். "டாக்டர்கிட்ட சொல்லுவமா?" "சொல்லலாம்மா" என்றாள். அடுத்த வாரமே போனோம். பிரசவமான புதிதில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம்தானாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது கவனிக்க வேண்டிய உடல்நலக் குறை, வைத்தியம் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். நான் லேகியத்தோடு நிறுத்திக்கொண்டு அத்தனை வாரம் தாமதித்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறினாள். ஆனால் தேறினாள்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை விளையாட்டாகச் சமையலறைக் கடிகாரத்தில் இரண்டு சிவப்புக் காகிதத் துண்டு ஒட்டிவிட்டார். முள் அங்கே வரும்போது நான் ஏதாவது உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தால், மகள் ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தைக் காட்டுவாள். நான் வாயை மூடிக்கொள்வேன். இந்த விஷயத்தை எழுதலாமா என்று அவளிடமே கேட்டு, அவள் "எழும்மா, யாருக்காவது உதவும்" என்று சொன்ன பிறகுதான் எழுதினேன். அப்பாவுக்கு என்னால் முடிந்த மரியாதை!

நீங்களும் பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போனால் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வையுங்கள். கட்டடம் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. கோடை காலமானாலும் ஸ்வெட்டர், குழந்தைக்குக் குல்லாய் அவசியம். அந்த மூடுபனி எலும்பு வரை போகும். அங்கிருந்து இன்னும் மேற்கே போனால் 1870-ல் ஏற்றிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஆனால் முந்நூறுக்கு மேல் படிகள். முழங்கால் வலி உள்ளவர்களும் பிரசவித்த பெண்களும் மேலே நின்று பார்த்தால் போதும். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

முக்கியமாக, மரங்களோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். சாலையின் கடைசி வரை நடங்கள். உள்ளே ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.